கோஜி பெர்ரியை டீயில் போடலாமா?

பாண்டி பெரிய மார்க்கெட் பக்கம் உலர்பழக் கடையில், சீனாவில் விளையும் சின்னச் சிவப்புப் பழமான கோஜி பெர்ரியைக் காட்டி ஒரு அம்மா கேட்கிறார்: "தம்பி, இத எப்படிப்பா சாப்பிடறது?"
"டீயில போடுங்கக்கா."

போடலாம். கொதிக்கும்போது வேண்டாம், பழம் கூழாகிவிடும். இறக்கி இரண்டு நிமிடம் ஆறியதும் ஒரு டேபிள்ஸ்பூன்.

முதலில் நாலு பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். இளமஞ்சள் மெல்ல இறங்கினால் சரி. போட்டவுடனே தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனால் சாயமோ என்று சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்கு நல்லது என்பார்களே, இந்தப் பழத்திலுள்ள சியாசாந்தின் என்ற அந்த நிறமி கொழுப்பில் கரைவது. அதனால் வெறும் தண்ணீரைவிடப் பாலோ நெய் விட்ட ரவா கேசரியோ மேல். கேசரியில் திராட்சைக்குப் பதில் போட்டால் லேசாகத் துவர்க்கும். எனக்கென்னவோ அதுதான் ருசி!

நம்மூர்க் கடல்காற்றுக்குப் பிரித்த பாக்கெட் கட்டிதட்டும். பாட்டிலில் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் தொடவே வேண்டாம். மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம்.