பேதுருவின் கல்லறைக்கு ஒரு மனு

வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்கு நேர் கீழே ஒரு பழைய ரோமானிய இடுகாடு இருக்கிறது என்பதும் அதற்குள் இறங்கிப் பார்க்கலாம் என்பதும் ரோமுக்குப் போய் வந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நான் போய் வந்ததும் எங்கள் பங்கில் சிலர் எப்படி அனுமதி வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், எழுத எழுத அனுமதியைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனுமதி. பேராலயத்தைப் பராமரிக்கும் அமைப்பின் கீழ் அகழாய்வு அலுவலகம் ஒன்று இருக்கிறது, இத்தாலிய மொழியில் உஃபீசியோ ஸ்காவி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 பேரைத்தான் கீழே விடுகிறார்கள், அதுவும் பன்னிரண்டு பேர் அளவில் சின்னச் சின்னக் குழுக்களாக, வழிகாட்டியோடு. நான் மின்னஞ்சலில்தான் கேட்டேன். எத்தனை பேர், எல்லோருடைய முழுப்பெயர், எந்த மொழியில் வழிகாட்டி வேண்டும், ரோமில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருப்பீர்கள், இவ்வளவுதான் எழுத வேண்டும். நாளையும் நேரத்தையும் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அதனால் ஒரே ஒரு தேதியைக் குறிப்பிட்டுக் கேட்காமல் அங்கே இருக்கப்போகிற எல்லா நாள்களையும் கொடுத்துவிடுங்கள், வாய்ப்பு கூடும். பல மாதங்களுக்கு முன்பே கேட்பது நல்லது. பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், மின்னஞ்சலில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருந்தால் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். இடம் கிடைத்தால் பதில் வரும், அவர்கள் சொன்ன கெடுவுக்குள் கார்டில் பணம் கட்ட வேண்டும். இந்த முறை மாறியிருக்கலாம், அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. வேதகலாபனை, அதாவது ரோமானியர் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய காலம் என்றால் எனக்கு மறைக்கல்வி வகுப்பில் கேட்டதுதான் தெரியும்: சிங்கம், கொலோசியம், சுரங்கத்தில் ஒளிந்து பூசை கண்ட மக்கள். நேராகப் போய் நிற்பதற்கு முன் அந்தக் காலத்து ஆட்களே எழுதி வைத்ததைப் படிப்போம் என்று ஆரம்பித்தேன். படித்ததில் சிங்கத்தைவிடக் குமாஸ்தாக்கள்தான் அதிகம் வந்தார்கள்.

பிளினி என்ற ஆளுநர் கி.பி. 112 வாக்கில் கருங்கடல் பக்கமிருந்து பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்கிறேன், தண்டனை உண்டு என்றும் எச்சரிக்கிறேன், அப்படியும் ஆமாம் என்றால் கொல்ல அனுப்புகிறேன், நான் செய்வது சரிதானா என்று மேலிடத்தில் கேட்கிறார். இவர்கள் செய்த குற்றம்தான் என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்திருக்கிறார். அந்தப் பெண்கள் சபையில் திருத்தொண்டர்கள். கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபச்சாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், அப்புறம் சேர்ந்து சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். பிளினிக்குக் கிடைத்தது அவ்வளவுதான். டிராஜன் பதிலும் அலுவலகப் பதில்தான்: தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே, யாராவது முறைப்படி கொண்டுவந்து நிறுத்தி குற்றம் நிரூபணமானால் தண்டனை கொடு, மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு.

அடுத்தது பேரரசர் தேசியஸ். 249 கடைசியில் பதவிக்கு வந்த கையோடு, பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை போட்டார். பலியிட்டதற்கு ஊரில் ஒரு குழு சான்றிதழ் தரும். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று அவுரேலியஸ் தியோகேனஸ் என்பவருடையது. வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் ஆணைப்படி உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானம் வார்த்து, பலி இறைச்சியையும் சுவைத்தேன், கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று கேட்கிறார். அங்க அடையாளம் வரை எழுதி வாங்கியிருக்கிறார்கள்! அந்தப் பெரியவர் கிறிஸ்தவரா இல்லையா என்று அந்தத் தாளிலிருந்து சொல்லவே முடியாது. ஏனென்றால் முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் வரிசையில் நின்று இதே சான்றிதழை வாங்கியிருக்கிறாள்.

கிறிஸ்தவர்களில் எத்தனையோ பேர் பலியிட்டுவிட்டார்கள். இதை மறைக்கல்வியில் யாரும் சொல்லவில்லை. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் எழுதுகிறார், பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும் இன்றைக்கே முடித்துத் தாருங்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்களாம். சிலர் லஞ்சம் கொடுத்து, பலியிடாமலே தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிப்ரியன் அப்போது தலைமறைவாக இருந்தார், அதற்காக அவரையும் ஏசினார்கள். இவர்களை நான் கோழைகள் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகுட்டியை வைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு வெளியே நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் வாய் வரவில்லை.

303-இல் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்து ஆணை இன்னொரு ரகம்: ஆலயங்களை இடி, வேதநூல்களைப் பிடுங்கி எரி. வட ஆப்பிரிக்காவில் சிர்தா என்ற நகரத்தில் அதிகாரிகள் ஆலயத்துக்குள் புகுந்து எடுத்த கணக்கு அப்படியே பிழைத்திருக்கிறது. பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6 என்று ஆரம்பித்து, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணி என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நூலலமாரி காலியாக இருக்கிறது. புத்தகம் எல்லாம் வாசகர்களிடம், அதாவது ஆலயத்தில் வேதம் வாசிப்பவர்களிடம் இருக்கிறது என்கிறார்கள். யார் அந்த வாசகர்கள் என்றால், நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்ல, இதோ இருக்கிறோம், கொல்லச் சொல்லுங்கள் என்கிறார்கள் இருவர். ஆனாலும் அதிகாரிகள் வீடு வீடாகப் போகிறார்கள், புத்தகங்கள் வெளியே வருகின்றன. கொத்தேயோ என்பவர் வீட்டில் அவர் மனைவி ஆறு நூல்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். இன்னும் இருக்கிறதா பார் என்று ஆளை உள்ளே அனுப்பித் தேடச் சொல்கிறார்கள். ஒரு நாவல் எழுதும் அளவுக்கு விஷயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

சரி, ரோமுக்கு வருவோம். பேராலயத் தூண்வரிசைக்கு இடப்பக்கம் சுவிஸ் காவலர்கள் நிற்கும் வாசலில் கடிதத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். பெரிய பையும் வேண்டாம், புகைப்படமும் எடுக்க முடியாது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். இப்போது சதுக்கத்தின் நடுவே நிற்கும் எகிப்தியத் தூபி 1586 வரை அந்த இடத்தில்தான் நின்றது. பேரரசர் கலிகுலா கொண்டுவந்து தன் குதிரைப்பந்தய அரங்கில் நிறுத்தியது. 64-இல் ரோம் எரிந்தபின் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டு, விலங்குத் தோல் போர்த்தி நாய்களுக்கு விட்டதையும் இரவில் விளக்குக்குப் பதிலாக எரித்ததையும் ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதியிருக்கிறார் அல்லவா, அது நடந்தது நீரோவின் தோட்டத்திலும் அரங்கிலும். கொலோசியம் அப்போது கட்டப்படவே இல்லை, அது திறந்தது 80-இல்.

கீழே இறங்கினால் புழுக்கம். ஈரப்பதத்தைக் காக்கத் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுகள், ஒடுங்கிய வழி, இரண்டு பக்கமும் செங்கல் கட்டிய குடும்பக் கல்லறைகள். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்கள் யோசித்துப் போங்கள். ஒரு காலத்தில் மேலே வானம் இருந்த தெரு அது. பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாதவர்களின் கல்லறைகள், விடுதலை பெற்ற அடிமைகளும் வசதியான வியாபாரிகளும். ஒரு கல்லறைக்கு எகிப்தியத் தெய்வம் வரைந்த சுவர். ஹெராக்லா என்பவர், வத்திக்கானில் அரங்குக்குப் பக்கத்தில் எனக்குக் கல்லறை கட்டுங்கள் என்று எழுதிய உயிலை வாசலிலேயே செதுக்கி வைத்திருந்தாராம். நீரோவின் அரங்கு இங்கேதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஜூலி குடும்பத்தின் சின்னக் கல்லறையில், மஞ்சள் பின்னணியில் திராட்சைக் கொடி சுற்றிவர, தேரோட்டும் சூரியனைப்போலக் கிறிஸ்து. அக்கம்பக்கத்தார் கும்பிட்ட சூரியனின் உருவத்தையே வாங்கித் தங்கள் ஆண்டவருக்குப் போட்டிருக்கிறார்கள். மொத்தச் சுற்றிலும் எனக்குப் பிடித்த இடம் இது.

கடைசியில் செம்பூச்சுச் சுவரும் அதையொட்டி 160 வாக்கில் பேதுருவுக்காகக் கட்டிய சிறு நினைவு மாடமும். அதன் எச்சம்தான் மிஞ்சியிருக்கிறது. பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்த மாடத்தை நடுவில் வைத்துக் கோயில் கட்டுவதற்காக ஒரு குன்றுச் சரிவை வெட்டி, புழக்கத்தில் இருந்த இடுகாட்டையே மண் போட்டு நிரப்பினார். பக்கத்தில் சமதரை இருக்க இந்த வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறார் என்றால், பேதுரு இங்கேதான் என்று மக்கள் எவ்வளவு உறுதியாக நம்பியிருக்க வேண்டும்! எலும்புகள் சங்கதி வேறு. 1940-களின் அகழாய்வில் எடுத்து எங்கோ பெட்டியில் கிடந்தவற்றை மார்கெரிட்டா குவார்துச்சி என்ற கல்வெட்டு அறிஞர் பேதுருவினுடையவை என்றார், 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஏற்று அறிவித்தார், அகழாய்வில் இருந்த ஃபெர்ருவா அடிகளார் ஒப்புக்கொள்ளவில்லை. இடத்தை நான் நம்புகிறேன், எலும்பைப் பற்றி வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. இடைவெளி வழியாக அந்தக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபோது குழுவில் ஒருவர் முழங்காலிட்டார், நானும்தான்.

அடுத்து ஆப்பியன் சாலையில் காலிஸ்து சுரங்கக் கல்லறை. இதற்கு முன் அனுமதி எதுவும் வேண்டாம், அங்கேயே சீட்டு வாங்கலாம், 118-ஆம் எண் பேருந்து போகிறது, புதன்கிழமை மூடியிருக்கும். உள்ளே வெயில் காலத்திலும் குளிரும், ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். சலேசிய சபையார் நடத்துகிறார்கள். வழிகாட்டி சொன்ன முதல் விஷயமே, இங்கே யாரும் ஒளிந்து வாழவில்லை என்பதுதான். நகர மதிலுக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம், அதனால் எல்லா மதத்தாரும் சாலையோரம் புதைத்தார்கள். இந்த மண் வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும், அதனால் அடுக்கடுக்காகத் தோண்டிக்கொண்டே போனார்கள். அதிகாரிகளுக்குத் தெரிந்த இடம்தான். 258 ஆகஸ்ட் 6 அன்று திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துவைக் கல்லறைத் தோட்டத்திலேயே பிடித்து, திருத்தொண்டர்களோடு சேர்த்துக் கொன்றார்கள். சிப்ரியன் தனக்கு வந்த செய்தியாக அதை எழுதினார், அடுத்த மாதம் 14-ஆம் தேதி அவர் தலையும் போனது.

காலிஸ்துவின் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். அவர் அடிமையாக இருந்தவர், எஜமானின் பணத்தைக் கையாண்டு அது கரைந்துபோய், கடைசியில் சார்டீனியச் சுரங்கத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர். கொம்மோடஸ் பேரரசரின் துணைவி மார்சியா, அங்கே கிடந்த கிறிஸ்தவர்களை விடுவிக்க ஆயரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்கினாள். பட்டியலில் காலிஸ்து பெயர் இல்லை. பட்டியலோடு விடுவிக்க வந்தவரின் காலில் விழுந்து கெஞ்சித்தான் அவர் வெளியே வந்தார். அப்புறம் இந்தக் கல்லறைக்குப் பொறுப்பாளராகி, திருத்தந்தையும் ஆனார். இதை எழுதி வைத்தவர் அவருடைய எதிரி, கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம்.

திருத்தந்தையர் அறையில் ஃபபியான் பெயர் பொறித்த கல்லை நன்றாகப் பாருங்கள். தேசியஸ் ஆணையின் தொடக்கத்தில், 250 ஜனவரியில் இறந்தவர். பெயரும் ஆயர் என்பதும் கிரேக்கத்தில் ஆழமாக வெட்டியிருக்க, மறைசாட்சி என்பதன் சுருக்கெழுத்து மட்டும் பிற்பாடு மேலோட்டமாகக் கீறிச் சேர்த்தது.

அவருக்கு அடுத்து வந்த கொர்னேலியு, சான்றிதழ் வாங்கியவர்களையும் பலியிட்டவர்களையும் தவத்துக்குப் பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்றார். கூடாது என்று நோவாசியன் என்ற ரோம் குரு தனிச் சபை கண்டார். கொர்னேலியு நாடுகடத்தப்பட்டு 253-இல் இறந்தார். 1849-இல் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்த அவருடைய கல்வெட்டுத் துண்டை வைத்துத்தான் தெ ரோசி என்ற தொல்லியல் அறிஞர் இந்தச் சுரங்கக் கல்லறையையே அடையாளம் கண்டார். கொர்னேலியுவின் கல்லறையைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அது இதே வளாகத்தில் லூசினா பகுதியில் இருக்கிறது, பொதுச் சுற்றில் வராது, சுரங்கக் கல்லறைகளைக் கவனிக்கும் வத்திக்கான் தொல்லியல் ஆணையத்திடம் தனியாக எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள். அந்த மனுவைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.