பாட்டுப்பெட்டி சேர்த்த எட்டு மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. சனிக்கிழமை ஆனால் பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது என் வழக்கம். வீட்டில் அந்த மூலைக்குக் குப்பைக்கடை என்று பெயர். இந்த ஜனவரியில் குப்பைக்கடைக்கு ஒரு வேலை வந்தது.

பக்கத்துத் தெரு அக்காவின் அம்மா சாட்ஸ்வொர்த் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். 86 வயது, டிமென்ஷியா என்ற மறதிநோய். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். “தம்பி, அம்மாவுக்குப் பாட்டுக் கேக்க சின்னதா ஒரு மிஷின் செய்யலாமா? போன் குடுத்தா வீசிடறாங்க” என்று அக்கா பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகக் கேட்டார். ஒன்றைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வாரமே அந்த இல்லத்தின் சிஸ்டர், இன்னும் பத்துப் பேருக்கு வேண்டுமே என்றார்.

யோசனை நம்முடையது இல்லை. டேன் கோஹன் என்ற அமெரிக்க சமூக சேவகர் 2006-இல் நியூயார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆளுக்கொரு ஐபாட், ஆளுக்கொரு பாட்டுப் பட்டியல் என்று தொடங்கிவைத்தது. பிறகு அவருடைய அமைப்பினர், மக்களின் மேசை டிராயரில் தூங்கும் பழைய ஐபாட்களை நன்கொடையாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்திலும் 2013-இலிருந்து இதே வழியில் ஓர் அமைப்பு இயங்குகிறது. பெயரும் தேதியும் பிள்ளைகளின் முகமும் நழுவிய பிறகும், இளமையில் கேட்ட பாட்டு பலருக்கு மூளையில் வெகுநாள் நிற்கிறது. நோய் குணமாகாது. அந்த அரைமணி நேரம் நன்றாகப் போகும், அவ்வளவுதான்.

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் ஒரு அட்டைப்பெட்டி, தமிழ் வகுப்பு நடக்கும் இடத்தில் ஒன்று வைத்தேன். ‘பழைய மியூசிக் பிளேயர் இருந்தால் போடுங்கள்’ என்று எழுதி ஒட்டினேன். பிப்ரவரி கடைசியில் எண்ணினால் 26 உருப்படி. ஐபாட் 11, வேறு எம்பி3 பிளேயர் 6, வாக்மேன் இரண்டு, டிஸ்க்மேன் ஒன்று, ‘ஓம்’ என்று ஓயாமல் சொல்லும் மந்திரப்பெட்டி மூன்று, ஒரு நோக்கியா போன். மீதி இரண்டும் டிவி ரிமோட். ரிமோட்டைப் போட்ட புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினேழு பிளேயரில் எட்டுதான் தேறியது. மூன்றில் பேட்டரி உப்பி, மூடியையே தூக்கிக்கொண்டு நின்றது. வயதான லித்தியம் பேட்டரிக்கு அது சகஜம், ஆனால் அதைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும், அதனால் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி மின்கழிவு மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு 2009 மாடல் ஐபாட் ஷஃபிள். அந்த மாடலின் உடம்பில் ஒலியைக் கூட்டக் குறைக்கப் பொத்தான் கிடையாது, எல்லாம் ஹெட்போன் வயரில்தான் இருக்கும். எனக்கு வந்ததில் அந்த ஹெட்போன் இல்லை. நான்கு சார்ஜே ஏறவில்லை. மீதி ஐபாட்களுக்கு அந்த அகலமான 30 ஊசி கேபிள் தேவைப்பட்டது. பழைய கிரே ஸ்ட்ரீட்டில் (இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பெயர், யாரும் அப்படிச் சொல்வதில்லை) ஒரு கடைக்காரர் பிஸ்கட் டின் நிறைய அந்தக் கேபிளை வைத்திருந்தார். “இதைத் தேடி ஆள் வந்தே மூணு வருஷமாச்சு” என்றார். நான்கு வாங்கினேன்.

ஒரு ஐபாட் நானோவை அழித்து சுத்தம் பண்ணப் போகும்போது அதில் குரல் பதிவு ஒன்று கண்ணில் பட்டது. போட்டால் ஒரு கார் எஞ்சின் ‘கட கட கட’ என்று இரைகிறது. நடுவில் ஒரு ஆண் குரல், “கேட்டீங்களா? இப்போ, இப்போ பாருங்க” என்கிறது. கொடுத்த அம்மாவிடம் போனில் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சிரித்தார். மெக்கானிக்கிடம் காட்டுவதற்காக அவர் கணவர் பதிந்து வைத்ததாம், கணவர் போய் நான்கு வருடம். அதை அவர் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் நானோவைத் துடைத்தேன். அன்றிலிருந்து கொடுப்பவரைக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. அட்டைப்பெட்டி மேலும் எழுதி ஒட்டிவிட்டேன்.

மார்ச் முழுக்கப் பாட்டு ஏற்றும் வேலை. இதில் நான் பண்ணிய கோளாறு ஒன்று உண்டு. ஐந்து ஐபாட்டுக்கு வேறு வேறு பட்டியல் ஏற்றிவிட்டு, ஆறாவதைச் செருகும்போது தூக்கக் கலக்கத்தில் எதற்கோ ‘சரி’ கொடுத்தேன். அதில் ஏற்கெனவே இருந்த பாட்டெல்லாம் போய், முந்தைய ஆளின் பட்டியல் ஏறிவிட்டது. இரண்டு ராத்திரி உழைப்பு வீண். பென்டிரைவ் மாதிரி செருகிக் கோப்பை இழுத்துப் போட்டால் போதும் என்றிருக்கும் சாதாரண எம்பி3 பிளேயர்தான் இந்த வேலைக்கு உத்தமம் என்பது என் அபிப்பிராயம். இனி வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

இன்னொரு தவறு, ஒலி அளவு. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டு முணுமுணுப்பாக இருக்கும், அடுத்ததாக வரும் நாதஸ்வரம் காதைப் பிளக்கும். முதல் வாரம் ஒரு தாத்தா திடுக்கிட்டு ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டார். அவர் கை நடுங்கியதைப் பார்த்து எனக்கு அவமானமாகிவிட்டது. அன்று இரவே எல்லாப் பாட்டையும் கணினியில் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து, ஐபாட் செட்டிங்கில் உச்ச அளவையும் பூட்டினேன். காதுக்குள் செருகும் ரகம் வேண்டாம், காதின் மேல் உட்காரும் பஞ்சு வைத்த ஹெட்போன் நல்லது. ஒரு பிளேயரில் இரண்டு ஹெட்போன் மாட்டும் பிரிப்பான் ஒன்று வாங்கிவிட்டால், பார்க்க வரும் மகளும் கூடவே கேட்கலாம்.

‘பாட்டு நிறைத்த பெட்டியாகவே கடையில் விற்கிறதே, சரிகம காரவான் வாங்கினால் போச்சு’ என்று இரண்டு பேர் சொன்னார்கள். 2017-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது, பொதுக் கூடத்தில் வைக்க அருமையான பெட்டி. ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டில் இந்த ஒரு ஆளின் பாட்டு எது என்று அதற்குத் தெரியாதே. எனக்கும் தெரியாது என்பது ஏப்ரலில்தான் விளங்கியது.

இல்லத்தில் கொடுத்த பட்டியலில் கவெண்டர் (நம் கவுண்டர்), மூட்லி (முதலி), படையாச்சி, நாயக்கர் என்று பெயர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. எல்லாம் நம் ஆட்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் கூட்டம் வந்து இறங்கியதிலிருந்து கரும்புத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். டி.எம். சௌந்தரராஜன், சுசீலா, கொஞ்சம் கே.பி. சுந்தராம்பாள், கொஞ்சம் தேவாரம் என்று எட்டுப் பெட்டியிலும் கலந்து நிரப்பினேன். தாய்மொழியில் பாட்டுக் கேட்டால் கண் திறந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு சினிமாவே ஓட்டிக்கொண்டேன்.

படையாச்சித் தாத்தா ஹெட்போனை இரண்டு நிமிடம் வைத்திருந்தார். கழற்றி என் கையில் கொடுத்து, “வெரி நைஸ், தாங்க் யூ” என்றார், வாசலில் சாமான் விற்க வந்தவனை அனுப்பிவைக்கிற மாதிரி. மூன்று சனிக்கிழமை இதே கதை. நான்காவது சனிக்கிழமை அவர் மகள் வந்திருந்தார். நான் ஏற்றிய பட்டியலைப் பார்த்துவிட்டு, “அங்கிள், எங்கப்பா வீட்ல தமிழ்ப் பாட்டே வெக்க மாட்டார். சண்டே பிரியாணி வேகும்போது ஜிம் ரீவ்ஸ், அது ஒண்ணுதான்” என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜிம் ரீவ்ஸ் அமெரிக்க கன்ட்ரி பாடகர். 1962-இல் இங்கே வந்து பாடியவர், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்கூடப் பாடிப் பதிந்தவர், 1964-இல் விமான விபத்தில் இறந்துபோனார். இந்த நாட்டில் அவருக்கு இருந்த மவுசு சொல்லி முடியாது. அடுத்த வாரம் பன்னிரண்டு ஜிம் ரீவ்ஸ் பாட்டோடு போனேன். தாத்தா கண்ணை மூடினார். இரண்டாவது பாட்டில் வலது கால் செருப்பு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது. மூன்றாவதில் மகளைப் பார்த்து, “உப்பு போட்டியா?” என்று இங்கிலீஷில் கேட்டார். மகள் “போட்டேன்பா” என்றார். நான் எழுந்து வெளியே வந்து கொஞ்ச நேரம் மாமரத்தடியில் நின்றேன்.

அதன்பிறகு பட்டியலை நான் போடுவதை நிறுத்திவிட்டேன். ஒரு தாளில் குடும்பத்துக்குச் சில கேள்விகள். பதினைந்து வயதில் எங்கே குடியிருந்தார்? சினிமாவுக்கு எந்தக் கொட்டகை? கல்யாணத்தில் ஆர்கெஸ்ட்ரா உண்டா? சமைக்கும்போது என்ன முணுமுணுப்பார்? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில் வருகிறது. ‘பிடித்த பாட்டு எது’ என்று நேராகக் கேட்டால் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆயா விஷயம் இதற்கு நேர் எதிர். பிறந்தது மேகசின் பாரக்ஸ், டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. அறுபதுகளில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆயா தையல் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், பிள்ளைகளோடு இங்கிலீஷ்தான் பேசினாராம். இப்போது இங்கிலீஷ் ஒவ்வொரு சொல்லாகக் கழன்று, அடியிலிருந்த தமிழ் மேலே வந்திருக்கிறது. டிமென்ஷியாவில் பின்னால் கற்ற மொழி முதலில் போவது பலருக்கும் நடப்பதுதான். அதுவும் என் திருநெல்வேலித் தமிழ் இல்லை, வேலூர்ப் பக்கத்து வாடை. “இன்னா, யாரு ஊட்டுப் புள்ள நீ?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் சொல்வேன்.

கவனித்துக்கொள்ளும் பெண்மணி ஜூலு இனத்தவர். ஆயாவை ‘கோகோ’ என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் மொழியில் பாட்டி. ஆயா “தண்ணி, தண்ணி” என்றால் அவருக்குப் புரியாது, ஆயாவுக்குக் கோபம் வரும். பாட்டைவிட இதுதான் அவசரம் என்று தோன்றியது. தண்ணி, வலிக்குது, குளிருது, போதும், வேணாம், அம்மா எங்கே என்று இருபது சொற்களை ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். எட்டு மாதத்தில் நான் செய்த உருப்படியான வேலை அந்தத் தாள் என்றுதான் நினைக்கிறேன்.

பாட்டில் மட்டும் ஆயா பிடிகொடுக்கவில்லை. சினிமாப் பாட்டுக்கு மரியாதையாகத் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஆடி பிறந்தது. இங்கே ஆடி நல்ல குளிர்காலம், அந்தக் குளிரில் மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள். அக்கா போயிருந்தபோது பெண்கள் கூடி அம்மனைத் தாலாட்டுகிற பாட்டைப் பாட, போனில் பதிந்து எனக்கு அனுப்பினார். உடுக்கைச் சத்தம், அண்டாவில் கரண்டி இடிக்கும் சத்தம், குழந்தை அழுகை எல்லாம் கலந்து கிடந்தது. இரைச்சலை நீக்கிப் பார்த்தேன், உடுக்கை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. சரி, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று ஏற்றினேன்.

ஆயாவுக்கு ஹெட்போன் மாட்டி, பிரிப்பானில் இன்னொன்றை அக்கா மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஆயாவின் விரல்கள் முந்தானை நுனியைப் பிடித்து மடியில் தாளம் போட்டன. அந்தத் தாளம் எனக்குக் கேட்டதைவிட மெதுவாக இருந்தது. முகம் சுளித்தார். “ஓடுறாளுங்க பாரு. மெதுவா பாடணும். ஆத்தா தூங்க வாணாமா?” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அவரே பாட ஆரம்பித்தார், முழுப்பாட்டு இல்லை, நாலைந்து அடி. அம்மா பாடி அக்கா கேட்டதே கிடையாதாம். அந்த நாலைந்து அடியை அக்கா தன் போனில் பதிந்திருக்கிறார். இப்போது ஆயாவின் பெட்டியில் முதல் பாட்டு ஆயா பாடியதுதான்.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. ஒரு மூட்லி அம்மாவுக்கு அவர் கல்யாணத்தில் வாசித்த பாட்டைப் போட்டோம், விக்கி விக்கி அழுதுவிட்டார். உடனே நிறுத்தி, அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன். இன்னொருவர் ஹெட்போனையே தொட விடவில்லை, அவருக்குச் சின்ன ஸ்பீக்கர். மாட்டிவிட்டு ஆள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை சிஸ்டரிடம் சண்டை போட்டே பழக்கினேன். இருபது நிமிடம், அரைமணி போதும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சிலருக்குப் பரபரப்பு ஏறும், குளிக்க வைக்கும்போது சிலர் அடம்பிடிப்பார்கள். அதற்குச் சற்று முன்னால் போட்டால் நல்ல பலன். மந்திரப்பெட்டி மூன்றையும் சும்மா சொல்லக் கூடாது, ஒரே ஒரு பொத்தான், ஆளே தேவையில்லை.

ஆகஸ்ட் நிலவரம்: எட்டில் ஒன்று தலையணை உறையோடு போய் நன்றாகத் துவைபட்டுத் திரும்பி வந்தது. அரிசிக்குள் மூன்று நாள் வைத்தும் எழவில்லை, அரிசிதான் வீண். சார்ஜ் ஏறாத நான்கில் ஒன்றுக்குப் புது பேட்டரி தருவித்து மாற்றினேன். பசை விடாமல் ஒட்டியிருந்ததைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் மயிரிழை மயிரிழையாகத் திறக்க ஒரு முழுச் சனிக்கிழமை போயிற்று, கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்தது. ஆனால் ஓடுகிறது. கணக்கு மறுபடியும் எட்டு.

அந்த எட்டாவதைக் கேட்டது ஆயாவின் ஜூலு பெண்மணி. அவருடைய அம்மா டர்பன் பக்கத்து உம்லாசியில் இருக்கிறார், இதே மறதி. “எனக்கும் ஒண்ணு தருவீங்களா?” என்று கூச்சத்தோடு கேட்டார். அம்மாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்றேன். தேவாலயப் பாட்டு, கொஞ்சம் மஸ்கந்தி, அதாவது ஜூலு நாட்டுப்பாட்டு என்றார். மஸ்கந்தி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கேள்வித்தாளை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். சமைக்கும்போது என்ன முணுமுணுப்பார் என்பதை மட்டுமாவது எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை பார்க்க வேண்டும்.