நானூறு குதிரைகள், நாற்பது கூம்புகள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காலி மைதானத்தில் ஞாயிறு காலை ஆட்டோகிராஸ் பழகினோம். கூம்புகளை நட்டு அமைத்த வளைந்த பாதையில் ஒவ்வொரு காராக ஓட்டி நேரம் பார்க்கும் போட்டி அது. நண்பர் தம்முடைய நானூறு குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்திருந்தார். நான் என் பழைய ஸ்விஃப்டில் போனேன். யார் வேகம் என்று கேட்காதீர்கள். அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

கூம்புகளுக்கு இடையே இரண்டாம் கியரைத் தாண்டவே வழியில்லை. எடை குறைந்த கார் சட்டென்று திரும்புகிறது. அவருடையதோ மாட வீதி முனையில் தேர் திரும்புவதைப் போல யோசித்து யோசித்துத் திரும்பியது. ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள சின்னக் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5 அமெரிக்க ஆட்டோகிராஸில் இத்தனை ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறப்பது இதனால்தான். அதற்காக கார்வெட் போன்ற சக்தி மிகுந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். அகலமான டயரும் நல்ல ஓட்டுநரும் சேர்ந்தால் அதுவும் பறக்கும். அதனால்தான் அங்கே இரண்டையும் வெவ்வேறு பிரிவில் வைக்கிறார்கள். பிரிவு தாண்டி ஒப்பிட, ஓடிய நேரத்தை அந்தந்தப் பிரிவுக்கான ஒரு குறியீட்டெண்ணால் பெருக்குகிறார்கள். ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி தண்டம்.

நண்பர் தட்டியது ஐந்து. ஆறாவதை, டீ கொண்டுவந்த பையன் சரியான நேரத்தில் நகர்த்திக் காப்பாற்றிவிட்டான்.