ஒன்னு விழுந்தா அழுவானாம்

சனிக்கிழமை ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு ஹாலில் நாலு பையன்கள் உட்கார்ந்து டிராகன் வெட்டுவார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. வாளை ஓங்கினால் மட்டும் போதாது, இருபது முகப் பகடையை உருட்டிப் பெரிய எண் விழுந்தால்தான் அடி படும். ஒன்று விழுந்தால் குறி தப்பும். போன வாரம் என் மகனுக்கு ஒன்றாகவே விழுந்து தொலைத்தது. கோபத்தில் கட்டிலில் போய்க் குப்புறப் படுத்துவிட்டான்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். “ஒன்னு விழுந்தா தாயம்டா! அதுக்கு ஏண்டா அழுவுற?”

கணக்கு டியூஷன் எடுப்பவள் சும்மா இருப்பேனா? பகடையை 100 தடவை உருட்ட வைத்துக் கோடு போட்டேன். நியாயப்படி ஒன்று ஏறக்குறைய 5 தடவை வரணும். 13 வந்தது.

வடிவத்தில் குற்றமில்லை. இருபதும் ஒரே அளவு முக்கோணம், எந்த முகத்துக்கும் தனிச் சலுகை கிடையாது. எல்லா முகமும், எல்லா மூலையும் இப்படி ஒன்றுபோல அமைந்த வடிவங்கள் மொத்தமே ஐந்துதான்: 4, 6, 8, 12, 20 முகங்கள். பத்து முகப் பகடை அந்தக் குடும்பத்தில் சேராது. ஆனாலும் பட்டம் மாதிரி இருக்கும் பத்து முகமும் ஒரே அச்சு என்பதால் அதுவும் நேர்மையானதுதான். 1985இல் லூ சோக்கி என்பவர் நூறு முகத்தில் ஒரு பகடை கொண்டுவந்தார். கிட்டத்தட்ட பந்து. உருட்டிவிட்டு, நிற்கும் வரை காத்திருக்கணும்.

எண்களை அடுக்குவதிலும் சூட்சுமம் உண்டு. எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21. ஒன்றுக்குப் பக்கத்தில் 7, 13, 19. பகடை கொஞ்சம் சாய்ந்தாலும் சின்ன எண்ணாகவே கொட்டாமல் இருக்கத்தான் இப்படிக் கலந்து வைக்கிறார்கள். இதையெல்லாம் மகனுக்கு விளக்கினேன். அவன் கேட்டானோ இல்லையோ, மாமியார் உரலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

அப்படியானால் கோளாறு உள்ளே. 200 மில்லி சுடுதண்ணீரில் 70 கிராம் உப்பைக் கரைத்து, ஆறவிட்டுப் பகடையைப் போட்டேன். மிதந்தது.

“என்னம்மா, ஊறுகாயா?”

“இல்லத்தை, பரிசோதனை.”

விரலால் சுண்டிவிட்டேன். பகடை தண்ணீரில் ஒரு புரளு புரண்டு, சோம்பலாகத் திரும்பி, ஒன்றைக் காட்டி நின்றது. மறுபடி சுண்டினேன். ஒன்று. எட்டுத் தடவையில் ஆறு தடவை ஒன்று. பிசின் வார்த்தபோது அந்த முகத்துக்கு அடியில் காற்றுக் குமிழ் மாட்டியிருக்க வேண்டும். லேசான பக்கம் மேலே வரத்தானே செய்யும்! கையால் செய்ததென்று 25 மலேசிய வெள்ளி வாங்கிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

குப்பையில் போட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பாட்டிமார் தாயம் ஆட வந்தார்கள். “கட்டையில ஒன்னக் காணோம்டி, பேரன்கிட்ட புதுசு இருக்கு” என்று மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதே கருநீலப் பகடை.

உருட்டினார். பத்தொன்பது.

“இவ்வளவு பெரிய எண்ணுக்கு எங்க போய்க் காய் நகத்துறது?” என்றார் கீழ்வீட்டுப் பாட்டி.

“ஒன்னுக்குப் பக்கத்து வீடு இது. என் மருமக கணக்கு டீச்சர், அவளையே கேளு” என்று சொல்லி, தாயக்கணக்கில் காயை உள்ளே வைத்துவிட்டு மறுபடி உருட்டினார்.