அலுவலகத்துக்கு வண்டி: மாத வாடகையா, லீஸா?

நிறுவனத்துக்கு கார் எடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது மாத வாடகைத் தொகையைத்தான். அதைவிட முக்கியம், கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது. பல மாத ஒப்பந்தங்களில் வண்டி ஷெட்டிலிருந்து (வாடகை நிறுவனம் வண்டியை நிறுத்தும் இடம்) கிளம்பி ஷெட்டுக்குத் திரும்பும் வரை கணக்கு ஓடும். ஷெட் தாம்பரத்திலும் அலுவலகம் அம்பத்தூரிலும் இருந்தால் ஒருவரும் ஏறாத தூரத்துக்கே தினமும் காசு போகும், அப்புறம் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி. அலுவலக வாசலிலிருந்துதான் கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.

லீஸ் என்பது டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் நீண்ட கால ஒப்பந்தத்தில் எடுப்பது, பெரும்பாலும் 3 முதல் 5 வருடம். பராமரிப்பையும் இன்சூரன்ஸையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் டிரைவர் நம் பொறுப்பு, நடுவில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் வேறு. ஓட்டம் வருடம் முழுக்க ஒரே அளவில் இருந்தால் லீஸ் சரி. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்றால் மாத வாடகைதான் என் தேர்வு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் வெள்ளை போர்டு வண்டியை (வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த உபயோக வண்டி) டிரைவரோடு வாடகைக்கு வைக்காதீர்கள். சட்டப்படி அதற்கு பெர்மிட்டும் மஞ்சள் போர்டும் வேண்டும். இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடலாம். ஆர்சி (பதிவுச் சான்று), பெர்மிட், எஃப்சி (தகுதிச் சான்று) மூன்றையும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.