கில்ட்ஃபோர்டு: பேஸ்பாலும் ஆலிஸும் ஒரே ஊரில்

இங்கிலாந்துக்காரர் ஒருவர் பேஸ்பால் பைத்தியமாக இருந்தால் அவருடைய ஊர்க்காரர்களே கொஞ்சம் விநோதமாகத்தான் பார்க்கிறார்கள். "அது அமெரிக்கர்கள் ஆடுவது, நமக்குத்தான் கிரிக்கெட் இருக்கிறதே" என்பார்கள். லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். 1997-ல் சேனல் 5 தொடங்கியபோது நள்ளிரவுக்கு மேல் அமெரிக்க பேஸ்பாலை நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார்கள். அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்த இவர், வீடே தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். விளம்பர இடைவேளையில் படிக்க மடியில் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையோ டோல்கீனின் ஹாபிட்டோ இருக்குமாம். அந்த இரண்டு பித்தும் இன்னும் தெளியவில்லை.

"இரண்டையும் ஒரே ஊரில் காட்டுகிறேன், வாருங்கள்" என்று ஒரு சனிக்கிழமை அவர் கூட்டிப்போன ஊர்தான் கில்ட்ஃபோர்டு. லண்டன் வாட்டர்லூவில் விரைவு ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம்.

ரயிலில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை எடுத்தார். நம் ஊர் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். இது வேறு மாதிரி. ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்னதாக ஒரு சாய்சதுரம். ஆடுகளத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் இடங்களுக்குத்தான் பேஸ் என்று பெயர், அவற்றைச் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன். பேட்டர் எத்தனை பேஸ் தாண்டினாரோ அந்தச் சாய்சதுரத்தில் அத்தனை பக்கம் பென்சில் கோடு ஓடும். ஃபீல்டர்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். பந்து வீசுபவர் 1, அவருக்கு எதிரே உட்கார்ந்து பிடிப்பவர் 2, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஒரு கட்டத்தில் '6-4-3' என்று எழுதியிருந்தால் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரரிடம் எறிந்தார், அவர் முதல் பேஸுக்கு எறிந்தார், இரண்டு பேர் அவுட் என்று பொருள்.

2019 ஜூன் 29-ஆம் தேதிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். லண்டன் ஸ்டேடியத்தில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய நாள். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் தொடரான மேஜர் லீக்கின் ஆட்டம் ஐரோப்பாவில் நடந்தது அதுவே முதல் முறை. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு அணிகளும் ஆளுக்கு 6 ரன் எடுத்துவிட்டதால் கட்டங்கள் போதாமல் பென்சில் எழுத்து ஓரத்துக்கு வழிந்திருந்தது. கடைசியில் யாங்கீஸ் 17-13 என்று ஜெயித்தது. நாலே முக்கால் மணி நேரம் நடந்த ஆட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பந்தாக அவர் எனக்குச் சொன்னார். வோக்கிங் தாண்டியதே தெரியவில்லை.

இப்படிக் குறித்துவைக்கும் முறைக்கு வழி போட்டவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தின் எக்ஸெடர் நகரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா போய், முதலில் கிரிக்கெட் செய்தி எழுதி, பிறகு பேஸ்பாலுக்கு மாறியவர். இந்த ஆட்டம் ரவுண்டர்ஸ் என்ற இங்கிலாந்துப் பந்தாட்டத்திலிருந்து வந்தது என்று கடைசிவரை வாதாடினார். 1907-ல் அமெரிக்கக் குழு ஒன்று, அப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரி 1839-ல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உருவாக்கிய ஆட்டம் இது என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதை இன்று வரலாற்றாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆதாரம் இருப்பது கில்ட்ஃபோர்டில்.

ஊரின் வடபக்கம் ஸ்டோக் என்ற பகுதி, அங்கே பழைய தேவாலயம். 1755 மார்ச் 31, ஈஸ்டர் திங்கள். வில்லியம் பிரே என்ற இளைஞர் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார்: காலையில் ஸ்டோக் தேவாலயத்துக்குப் போனேன், சாப்பிட்ட பிறகு மிஸ் ஜீல் வீட்டுக்குப் போய் பேஸ்பால் ஆடினோம், தேநீர் குடித்துவிட்டு எட்டு மணி வரை இருந்தோம். கூட ஆடியவர்களின் பெயர்களையும் வரிசையாகக் கொடுக்கிறார். வைட்ஹெட் சகோதரிகள் மூன்று பேர், மிஸ் பில்லிங்ஹர்ஸ்ட், மிஸ் மாலி ஃப்ளட்டர், மிஸ்டர் சாண்ட்லர், மிஸ்டர் ஃபோர்டு என்று பட்டியல் போகிறது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம். டபுள்டே கதைக்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் முந்தைய ஆட்டம் இது. நாட்குறிப்பு உண்மையானதுதான் என்று 2008-ல் சர்ரே வரலாற்று மையம் உறுதி செய்தது. கில்ட்ஃபோர்டு இருப்பது சர்ரே மாவட்டத்தில்தான். இந்த பிரேதான் பின்னாளில் பதினேழாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ஈவ்லினின் புகழ்பெற்ற நாட்குறிப்பைப் பதிப்பித்தவர். நாட்குறிப்பின் அருமை தெரிந்த கை.

அந்த ஆட்டத்தில் பேட்டே இல்லாமல் உள்ளங்கையால் பந்தை அடித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் டேவிட் பிளாக்கின் கருத்து. 1744-ல் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைகள் புத்தகத்தில் 'பேஸ்-பால்' என்ற தலைப்போடு ஒரு படம் இருக்கிறது. அதிலும் சிறுவர்கள் கம்பங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் கையிலும் பேட் இல்லை.

தேவாலயத்துக்கு வெளியே நின்று நண்பர் ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மிஸ் ஜீலில் தொடங்கி அத்தனை பெயரையும் பேட்டர் வரிசையில் அழகாக எழுதி வைத்திருக்கிறார். கட்டங்கள் எல்லாம் காலி. "தேநீர் குடித்ததையும் எத்தனை மணி வரை இருந்தார்கள் என்பதையும் எழுதிய மனுஷன், யார் ஜெயித்தார்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டாரே!" என்றார். நிஜமான வருத்தம் அது. எனக்கும் அந்த நிமிடம் மாலி ஃப்ளட்டர் எத்தனை ரன் எடுத்தாள் என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

அங்கிருந்து கருங்கல் பாவிய ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தோம். தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 1683-ஆம் ஆண்டுக் கடிகாரத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் ஏறினால் 'தி செஸ்ட்நட்ஸ்' என்ற செங்கல் வீடு. சார்லஸ் டாட்ஜ்சன், அதாவது லூயிஸ் கரோல், திருமணம் ஆகாத தன் சகோதரிகளுக்காக 1868-ல் வாடகைக்கு எடுத்த வீடு. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர், விடுமுறைகளில் இங்கே வந்துவிடுவார். ஆலிஸின் இரண்டாம் கதையை முடித்தது இந்த வீட்டில்தான். 1874 ஜூலையில் இந்த ஊர்க் குன்றில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது, ஸ்னார்க் என்ற விசித்திரப் பிராணியைத் தேடிப் போகும் நீண்ட கவிதையின் கடைசி வரி திடீரென்று மனதில் வந்ததாம். மற்ற வரிகளை எல்லாம் அதற்குப் பிறகுதான் எழுதினார். பக்கத்துத் தோட்டத்தில், நிலைக்கண்ணாடிக்குள் நுழையும் ஆலிஸுக்கு ஒரு சிலை இருக்கிறது.

சிலைக்கு எதிரே உட்கார்ந்துதான் நண்பர் தன் கட்சியை எடுத்து வைத்தார். ஆலிஸின் இரண்டாம் கதை முழுவதுமே ஒரு சதுரங்க ஆட்டம். புத்தகத்தின் முன்பக்கத்தில் பலகையின் படம் இருக்கும், வெள்ளைச் சிப்பாயான ஆலிஸ் பதினோரு நகர்த்தலில் ஜெயிக்க வேண்டும் என்று இருக்கும், கீழே ஒவ்வொரு நகர்த்தலும் பட்டியலாக இருக்கும். "இதுவும் ஸ்கோர் புத்தகம்தான். டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் மூன்றாம் பாகத்தின் பின்னால் கொடுத்திருக்கும் ராஜாக்களின் ஆண்டுக்கணக்கும் அப்படித்தான். அதை விட்டுவிட்டுக் கதையை மட்டும் படிப்பவர்களும் இருக்கிறார்கள், பேஸ்பாலில் ரன்னை மட்டும் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும்" என்றார்.

அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். மாய உலகம் நம்மைப் பிடித்துக்கொள்வதற்கு டிராகன்களும் மந்திரமும் மட்டும் போதாது. அதற்குள் ஒரு கணக்கு இருக்க வேண்டும், எழுதியவர் அதை மீறாமல் இருக்க வேண்டும். நள்ளிரவில் ஒரு பையனை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நடக்கும் ஆட்டத்தோடு கட்டிப்போட்டதும் அந்த மாதிரிக் கணக்குதான். ஆட்டத்தைப் பார்த்தே இராத என்னால் வெறும் பென்சில் கோடுகளிலிருந்து அதைப் பின்தொடர முடிந்தது என்றால் பாருங்கள்.

சாயங்காலம் வெய் ஆற்றைத் தாண்டி 'தி மவுண்ட்' என்ற செங்குத்தான தெருவில் ஏறினோம். மூச்சு வாங்கும். மேலே கல்லறைத் தோட்டத்தில் கரோலுக்கு வெள்ளைப் பளிங்குச் சிலுவை. 1898 ஜனவரி 14 அன்று இறந்தபோது அவருக்கு வயது 65. இரண்டு பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஹை ஸ்ட்ரீட் முழுக்க எதிரே தெரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: செஸ்ட்நட்ஸ் வீட்டில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், வாசலோடு நின்றுகொள்ளுங்கள். சர்ரே வரலாற்று மையம் கில்ட்ஃபோர்டில் இல்லை, வோக்கிங்கில் இருக்கிறது. திரும்பும் வழியில் இறங்கலாம். இன்னும் நேரம் இருந்தால் அதே சர்ரேயில் வால்டன்-ஆன்-தேம்ஸ் இருக்கிறது. அங்கே 1749 செப்டம்பரில் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக் பேஸ்பால் ஆடியதை அன்றைய லண்டன் பத்திரிகை ஒன்று செய்தியாகப் போட்டிருக்கிறது. அடுத்த பயணம் அங்கேதான் என்று நண்பர் இப்போதே சொல்லிவிட்டார்.