ரெவெர்பரேட் சொல்லித் தந்த பாடம்

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மார்க். தப்பாகப் போட்டால் அரை மார்க் போச்சு. பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவர்கள் இதற்காகச் சொற்பட்டியலை உருப்போட்டார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வேர்ச்சொல் பிடித்துப் படித்தேன். ரெவெர்பரேட் என்ற ஒரு சொல்லை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

அகராதியில் 'எதிரொலித்தல்' என்று இருக்கும். லத்தீனில் வெர்பெர் என்றால் சாட்டை, பிரம்பு; வெர்பெராரே என்றால் அடித்தல். முன்னால் 'ரெ' சேர்ந்தால் திருப்பி அடித்தல். அடி வாங்கித் திரும்புவது சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உலோகம் உருக்கும் ரெவெர்பரேட்டரி உலையில் தீ ஒரு பக்கம் எரியும். அனல் கூரையில் பட்டுத் தாதுவின் மேல் இறங்கும்.

அப்புறம் ரிப்பர்கஷன். மிருதங்கம், தவில் எல்லாம் பெர்கஷன்தானே? அதுவும் அடிதான். ஒரு முடிவின் பின்விளைவைக் குறிக்க ரிப்பர்கஷன், ரெவெர்பரேஷன் இரண்டுமே வருவதற்குக் காரணம் இந்தத் திருப்பி அடிக்கிற பொருள். ரீசவுண்ட், ரெசொனன்ஸ், டிசொனன்ஸ் வேறு குடும்பம். சொனாரே, அதாவது ஒலித்தல்.

வெர்பல், வெர்போஸ் இரண்டையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அவற்றின் வேர் வெர்பும், 'சொல்'. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் ஆள் கவிழ்கிறது.

சரி, எக்கோ? அது கிரேக்கம். பிறர் பேசியதன் கடைசி வார்த்தைகளை மட்டுமே திருப்பிச் சொல்லும்படி சபிக்கப்பட்ட வனதேவதையின் பெயர். எக்கோவுக்கும் ரெவெர்பரேஷனுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலிலேயே இருக்கிறது. திரும்பி வரும் ஒலி தனியாகக் கேட்க 0.1 விநாடி இடைவெளி வேண்டும். எதிரே உள்ள சுவரோ பாறையோ 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அது எக்கோ. நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபம் மாதிரி கல் மண்டபத்தில் கூட்டமில்லாத நேரம் யாராவது இருமினால், இருமல் இரண்டாவது தடவை கேட்காது. தூணிலும் தளத்திலும் பட்டுப் பட்டு 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே அடங்கும். அதுதான் ரெவெர்பரேஷன். அந்த ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரத்தைத்தான் அரங்கம் கட்டுபவர்கள் கணக்கிடுகிறார்கள்.

நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழைய வினாத்தாளில் அந்தக் குடும்பத்துச் சொல் வந்த வாக்கியத்தை முழுசாக அங்கேயே எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதினால், பத்தியில் விட்ட இடத்தை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டில் கை கொடுக்காது.